என்ட வயசப் போடு

வியாழக்கிழமை. விடியற்காலை ஐந்து மணி. மருதமுனைப் பெரிய றோட்டில் அந்த நேரம் ஒரு நாய்கூட நிற்காது... கடல் இரைகிறது மட்டும் கேட்கும். கல்முனைப் பக்கமிருந்து ஒரு கறுப்பு ஒஸ்டின் கார் வரும். இருபது வருடத்துப் பழைய கார் என்றால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு மினுக்கம். ஒரு வீட்டுப் படலைக்கு முன்னால் வந்து நிற்கும். ஹோன் இரண்டு தரம். குட்டையாக. மூன்றாந்தரம் இல்லை.

காருக்குள் இருக்கிற மனிதர் கண்ணாடியை இறக்கி, வீட்டைப் பார்த்து ஒரு சொல் கேட்பார்.

"பொருத்தமா?"

உள்ளேயிருந்து, பல்லில்லாத வாயால், காறித் துப்புகிற மாதிரி ஒரு பதில் வரும்.

"பொருத்தம்."

கார் மட்டக்களப்புப் பக்கம் போய்விடும். இரண்டரை வருடமாக ஒவ்வொரு வியாழனும் இதுதான். இந்தா, நெல்லுச் சூடடிக்க வந்த களத்தில் நெருப்புக்குக் கிட்டக் குந்திக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறானே எட்வேட்... அந்தக் கார்க்காரர் இவனுடைய மச்சான்தான், இவன் தங்கச்சி ஞானராணியைக் கட்டினவர். நற்பிட்டிமுனை செபரட்ணம் மாஸ்டர். சொல்லப்போவதில் பொய் இருந்தால் இவனே மறிக்கட்டும்.

உள்ளேயிருந்து பதில் சொல்கிறவன் பெயர் ஸைனுலாப்தீன். கதை அவனுடையது. அவன் செய்த அநியாயத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்தக் கார் முதலில் அவனுடைய மச்சான் மீராமுகைதீனுடையது. அவனுடைய அக்கா, ராத்தா சபியா உம்மாவின் புருசன். கல்முனைச் சந்தியில் ஹயருக்கு ஓடின மனிசன். வாயில் எந்நேரமும் ஒரு கராம்பு கிடக்கும். ஓட்டம் முடிந்து வந்தால் முதலில் காரைத் துடைத்துவிட்டுத்தான் தன் முகத்தைக் கழுவுவார். ஐந்நூறு மைலுக்கு ஒருக்கால் ஒயில் மாற்றுவார், நோன்பு நாளென்றாலும் மாற்றுவார். அந்தக் காரில் ஏறின ஒருவரையும் அவர் நடுவழியில் இறக்கிவிட்டதில்லை. பிள்ளைவலி கண்ட பெண்டுகளை எத்தனை தரம் மட்டக்களப்பு ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்... ஆசுப்பத்திரியில் மவுத்தானவர்களின் உடலை வீட்டுக்குக் கொண்டுவருவதும் அவர்தான். மையித்துக்கு அவர் ஒரு சதம் கூலி வாங்கினதில்லை.

மீற்றரில் ஓடின மைல்தான் அவருக்குப் பெருமை. சந்தியில் பெடியன்கள் பகிடிக்குக் கேட்பார்கள், காருக்கு வயசு என்ன மாமா என்று. அவர் ஆயிரம் மைலை ஒரு வயசாகக் கணக்குப் பண்ணிப் பதில் சொல்வார். எண்பத்தெட்டு முடிந்தது, எண்பத்தொன்பது நடக்கிறது என்பார். ஊரே அப்படித்தான் பேசும். அவர் நெஞ்சு நோவில் மவுத்தானபோது காருக்கு வயசு தொண்ணூற்று மூன்று.

சபியா உம்மா இத்தா இருந்தா. மாப்பிள்ளை மவுத்தானால் நான்கு மாசமும் பத்து நாளும் அந்நிய ஆண் முகத்தில் முழிக்கக் கூடாது, உங்களுக்குத் தெரியும். மகள் ஹாஜறாவுக்குக் கலியாணம் பேசி, சீதன வீடு சுவரோடு நின்றது. மாரி தொடங்குமுன் கூரை போடவேண்டும், இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்ப்பார்கள். ஆகவே காரை விற்கிற வேலையைத் தம்பி ஸைனுலாப்தீன் கையில் எடுத்தான். அவனுக்கு அப்போது முப்பத்துமூன்று வயசு. சுருட்டைத் தலைமயிர், கல்லுக் கடிக்கிற பல்லு, மூக்கு நுனியில் கோபம்.

அவனுடைய கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். வந்தவன் எல்லாம் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். மட்காட்டைத் தடவினான். இஞ்சின் சத்தத்தைக் கேட்டு, நெய் மாதிரி ஓடுகிறதே என்றான். கடைசியில் உள்ளே குனிந்து மீற்றரைப் பார்த்தான்... உடனே முகம் சுருங்கிப்போகும். தொண்ணூற்று மூவாயிரமா, இது ஓடி முடிந்த கார் என்பான். பாதி விலை கேட்பான். அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒருவன் இரும்பு விலைக்குக் கேட்டான். ஸைனுலாப்தீன் அவனை அடிக்கவே போய்விட்டான். இத்தனை மைல் ஓடியும் ஒரு ஆணிகூடக் கழராத கார் என்று பார்க்கத் தெரியாத குருட்டுப் பயல்கள் என்று றோட்டில் நின்று கத்தினான்.

ராத்தா மட்டும் அறைக்குள்ளிருந்து சொன்னா.

"விக்கிற எண்டா வில்லு தம்பி. மைல மட்டும் மறைச்சிராத. அது அவர்ர."

அவன் ஓம் என்று தலையாட்டினான். ஆட்டிவிட்டு நேரே போனது எங்கே? கல்முனைக் கடைத்தெருவில் மணிக்கூடு திருத்துகிற யாகோப்புவிடம்.

யாகோப்பு மீற்றரைக் கழற்றி மேசையில் வைத்தான். எண் எழுதின சில்லு ஐந்தும் வெளியே தெரிந்தது. என்ன எண்ணுக்குத் திருப்பவேண்டும் என்று கேட்டான். ஸைனுலாப்தீனுக்கு அன்று காலையிலும் ஒருவன் பாதி விலை கேட்டுவிட்டுப் போயிருந்தான். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

"என்னத்தையும் போடு. என்ட வயசப் போடு."

யாகோப்பு வயசைக் கேட்டான். முதல் சில்லை, ஒன்பதிலிருந்து மூன்றுக்கு, சிறு ஊசியால் தள்ளிவிட்டான். டிக். அவ்வளவுதான். அறுபதினாயிரம் மைல் போய்விட்டது. அந்த மனிசன் ஏற்றி இறக்கின பெண்டுகள், கூலி வாங்காமல் சுமந்த மையித்துகள்... எல்லாம் ஒரு டிக்கில் போய்விட்டது.

பத்து நாளைக்குள் செபரட்ணம் மாஸ்டர் வந்தார். ஞானராணிக்குக் கசநோய். கிழமைக்கு ஒருக்கால் மட்டக்களப்பில் ஊசி போடவேண்டும். பஸ்ஸில் அவள் இருமினால் சனம் முகத்தைச் சுளித்து எழும்பிப்போகும். ஒருநாள் கொண்டக்டர் பாதி வழியில் இறக்கியே விட்டான். மாஸ்டர் பென்சனை நினைத்துச் சேர்த்துவைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு கார் தேடி வந்திருந்தார். முப்பத்துமூவாயிரம் என்று கண்டதும் ஒன்றும் பேரம் பேசவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தார்.

இப்போது அந்தச் சொல்லைக் கவனியுங்கள். முஸ்லிம் ஆட்கள் ஒரு பொருளை விற்றால் பொருத்தம் கேட்பார்கள். வாங்கினவர் பொருத்தம் என்று சொன்னால், இதில் குறையிருந்தாலும் பொறுத்துக்கொண்டேன், மஹ்ஷரில், மறுமை நாள் விசாரணையில், உன்னைப் பிடிக்கமாட்டேன் என்று அதற்கு அர்த்தம். வேதக்காரர், கிறிஸ்தவர், மாஸ்டருக்கு அது தெரியாது. அவருக்குப் பொருத்தம் என்றால் சாதகப் பொருத்தம், சட்டைப் பொருத்தம். திறப்பைக் கையில் கொடுக்கும்போது ஸைனுலாப்தீன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"மாஸ்டர், பொருத்தம்தானே?"

"ஓம் ஓம். எனக்கு நல்ல பொருத்தம்."

பாவம், அந்த மனிசன் சிரித்துக்கொண்டு சொன்னார். இவனும் சிரித்துக்கொண்டு கைகொடுத்தான். அவருக்கு விளங்கவில்லை என்று இவனுக்கு நல்லாத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டான்! அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் அவனைப் பிடித்து உலுப்பவேண்டும் போல இருக்கிறது.

அன்று இரவு ஸைனுலாப்தீன் தன் மனைவி ஸகியா வீட்டில் படுத்திருந்தான். படலையடியில் ஹோன் சத்தம். இரண்டு தரம். குட்டையாக. மீராமுகைதீன் ஆள் ஏற்ற வந்தால் அப்படித்தான் அடிப்பார், மூன்றாந்தரம் அடிக்கமாட்டார். எழும்பிப் போய்ப் பார்த்தான். றோட்டு வெறுமை... பெற்றோல் மணமும் கராம்பு மணமும் மட்டும் அப்படியே நின்றது. திரும்பி வந்து படுத்தான். காதுக்குள் ஏதோ டிக் டிக் என்று விடியும்வரை ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் மாஸ்டர் வந்தார். மீற்றரில் ஏதோ பிழை என்றார். காரைக் கொட்டிலுக்குள் விட்டுப் பூட்டித் திறப்பைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுக்கிறாராம். காலையில் பார்த்தால் ஆயிரத்தைந்நூறு மைல் கூடியிருக்கிறது. ஒவ்வொரு காலையும் ஆயிரத்தைந்நூறு, ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல். பெற்றோல் இறங்கவில்லை. பொனற்றில் கை வைத்தால் சுடுகிறது.

ஸைனுலாப்தீன் பாய்ந்தான். வாங்கும்போது பொருத்தம் சொல்லிவிட்டு இப்போது வந்து குறை சொல்வதா என்று சத்தம் போட்டான். கார் எனக்குப் பொருத்தம் என்றுதானே சொன்னேன் என்று மாஸ்டர் முழித்தார். ஒன்றும் விளங்காமல் திரும்பிப் போனார். அந்தக் காரில் நோயாளியை ஏற்றப் பயந்து அவர் மறுபடி பஸ்ஸுக்குப் போனார். இரண்டு கிழமை ஏற்றினார்கள். மூன்றாம் கிழமை ஏற்றவில்லை. ஞானராணிக்கு ஊசி தப்பியது. இரத்தமாகத் துப்பத் தொடங்கினாள். எட்வேட் அந்தக் கிண்ணத்தைத் தன் கையால் கழுவினவன், அவனைக் கேளுங்கள்.

ஸைனுலாப்தீனுக்கு இது ஒன்றும் தெரியாது. அவனுக்குத் தன் கண்ணாடியைப் பார்க்கவே நேரம் போதவில்லை. முதலில் காதோரம் நாலைந்து நரை. பத்தாம் நாள் பேப்பர் எழுத்து மங்கியது. இருபதாம் நாள் சோற்றில் பல்லொன்று விழுந்தது... கல்லென்று நினைத்து விரலால் எடுத்துப் பார்த்தான். மயிர் முழுக்க வெள்ளை. பரியாரி நாடி பிடித்துப் பார்த்து, இந்த வயசில் இது நல்ல நாடி வாப்பா என்றார். பரியாரிக்கே ஐம்பது வயசு. அன்று இரவு ஸகியா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். பக்கத்தில் கிடக்கிறது என்ட மாப்பிள்ளை இல்லை என்று தன் உம்மாவிடம் சொல்லி அழுதாள். வீடு அவளுடையது. அவன் எழும்பி ராத்தா வீட்டுக்கு வந்தான்.

சபியா உம்மா வெள்ளைச் சீலையோடு பாயில் இருந்தா. தம்பியை ஏறிட்டுப் பார்த்தா. வாப்பா கபுறிலிருந்து எழும்பி வந்தாரோ என்று திடுக்கிட்டாவாம். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டா. மீற்றரில் என்ன எண் போட்டாய்? என்ட வயசப் போடச் சொன்னேன் என்றான். இப்போது அதில் என்ன இருக்கிறது? மாஸ்டர் சொல்லியனுப்பினபடி எழுபத்திரண்டு என்றான். அவ அவனுடைய முகத்தையும் கையில் ஓடின நரம்பையும் பார்த்தா. 

"அவர் தன்ட மைல ஓடி எடுக்காரு தம்பி. அத நீ உன்ட வயசோட கட்டிவிட்டிரிக்காய். போய் உள்ளதச் செல்லிப் பொருத்தம் கேளு."

போனானா? இல்லை. அந்த மனிசனுக்கு முன்னால் போய்த் தலையைக் குனிவதா என்று பதின்மூன்று நாள் பாயில் கிடந்து கோபித்தான். நாளுக்கு ஒன்றரை வயசு போய்க்கொண்டிருந்தது. எழும்பி நடக்கேலாத அளவுக்கு வந்த பிறகுதான், நாற்பதாம் நாள் அந்திபட, மாட்டுவண்டி பிடித்து நற்பிட்டிமுனைக்குப் போனான்.

படலையில் நின்ற கிழவனை மாஸ்டருக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் அழுதுகொண்டு சொல்லவில்லை, ஏசிக்கொண்டு சொன்னான். மீற்றரைத் திருப்பினேன் என்றான், திருப்பாமல் என்ன செய்வது, உங்கள் எல்லாருக்கும் எண்தானே கண் என்றான். உமக்கு விளங்காத சொல்லைக் கேட்டு உம்மை ஏய்த்தேன் என்றான். உள்ளே ஞானராணி இருமுகிற சத்தம் கேட்டது. அப்போதுதான் அவன் வாய் நின்றது.

மாஸ்டர் மெல்லிய மனிசர். எட்வேட்டும் அன்றைக்கு அங்கேதான் நின்றான். என்ட பெண்சாதி இரத்தம் துப்புகிறாள் என்று மட்டும் சொன்னார். பிறகு கிழவனைக் கைபிடித்துத் திண்ணையில் இருத்தினார்.

"என்ட பங்குக்கு நான் பொறுத்துட்டன் காக்கா. அந்த மனிசன்ட மைலுக்கு நான் எப்பிடிப் பொருத்தம் சொல்லுற?"

இருட்டினதும் மூன்று பேரும் கொட்டிலுக்குள் போனார்கள். எட்வேட் லாம்பு பிடித்தான். கார் குளிர்ந்துபோய் நின்றது. கொஞ்ச நேரத்தால்... கராம்பு மணம். முன் சீற் மெல்ல அமுங்கியது, ஆள் ஏறி இருக்கிற மாதிரி. இஞ்சின் சத்தம் இல்லை. மீற்றர் மட்டும் ஓடத் தொடங்கியது. டிக்... டிக்... டிக்... பின் சீற் அமுங்கும், எழும்பும், மறுபடி அமுங்கும். கதவு திறக்கவேயில்லை. பிள்ளைவலியில் ஒருத்தி பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஆசுப்பத்திரி மருந்து நாற்றம். பிறகு கர்ப்பூரமும் அத்தரும், மையித்துக்குப் பூசுகிற மணம்... அப்போது பின் சீற் அமுங்கியது அமுங்கினபடி கனநேரம் கிடந்தது. ஸைனுலாப்தீன் மட்காட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் முதுகு கூனுகிறதை எட்வேட் லாம்பு வெளிச்சத்தில் கண்ணால் கண்டான்.

விடியப்போகும் நேரம் மீற்றர் நின்றது. தொண்ணூற்று மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. ஹோன் இரண்டு தரம் அடித்தது.

ஸைனுலாப்தீன் கண்ணாடியில் வாயை வைத்து, வெறுஞ் சீற்றைப் பார்த்துக் கேட்டான்.

"மச்சான்... பொருத்தமா?"

ஒரு பதிலும் இல்லை. சீற் மெல்ல எழும்பியது. மணம் போய்விட்டது.

அன்றிலிருந்து கார் தானாக ஒரு அடி ஓடினதில்லை. ஆனால் ஓட்டினால் ஓடுகிற மைல் மீற்றரிலும் ஏறும், மருதமுனையில் கிடக்கிறவன் உடம்பிலும் ஏறும். ஆயிரம் மைலுக்கு ஒரு வயசு. மாஸ்டருக்கு இது தெரியும். பள்ளிக்கூடத்துக்கு அவர் நடந்தே போகிறார், கோயிலுக்கும் நடந்தே போகிறார். கார் வெளிக்கிடுவது வியாழன் மட்டும், ஊசிக்கு. போக இருபத்தைந்து மைல், வர இருபத்தைந்து மைல்.

முதல் வியாழன் அவர் படலையில் நிறுத்திப் பொருத்தம் கேட்டார். இந்த முறை அந்தச் சொல்லின் அர்த்தம் அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறதாகத்தான் எண்ணம். ஸைனுலாப்தீனும் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். காருக்குள் அவள் இருமினாள். அவனுக்கு வெட்கமும் வந்தது, கோபமும் வந்தது. எது முந்தினது என்று அவனுக்கே தெரியாது. பொருத்தம் என்று கத்தினான். நூற்று முப்பத்தொரு வியாழன் அப்படியே கத்தியிருக்கிறான். ஞானராணி இப்போது தேறிவிட்டாள், ஆள் கொழுத்தும் போய்விட்டாள். இன்னும் ஒரே ஒரு ஊசிதான் மிச்சம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நாளைக்கு வியாழன்.

மீற்றரில் இப்போது நிற்கிறது தொண்ணூற்றொன்பதினாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. அதில் சில்லு ஐந்துதான். ஆறாவது இல்லை. மட்டக்களப்புக்குப் போகும்வரை ஒன்றுமில்லை. திரும்பி வரும்போது, குருக்கள்மடத்துப் பக்கம், ஐந்து சில்லும் ஒன்றாகப் புரண்டு பூச்சியத்தில் வந்து நிற்கும்.

மாஸ்டர் இன்று பின்னேரம் இவனை மருதமுனைக்கு அனுப்பினார். கடைசி ஊசிதானே, இந்த ஒரு முறை எப்படியும் பஸ்ஸில் போகிறோம் என்று சொல்லச் சொன்னார். கிழவன் பாயில் கிடந்தபடி எட்வேட்டை ஏசின ஏச்சைத் தெருவே கேட்டதாம்.

"காரிலயே போகச் செல்லு! பஸ்ஸுல அவள ஏத்தமாட்டானுகள்!"

திரும்பும்போது எட்வேட் அறைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறான். ஹாஜறா கலியாணம் முடித்துத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள், அவளுக்கு இன்னும் பிள்ளையில்லை. அந்த வீட்டில் இருப்பது கிழவனும் சபியா உம்மாவும் மட்டும். சபியா உம்மா ஒரு பழைய சீலையைக் கிழித்து, வளைமரத்தில் பிள்ளை கிடத்துகிற ஏணை கட்டிக்கொண்டிருந்தாவாம்.